அறியாதார் தரும் ஆறுதல்

துயருற்றாரைத் தேற்றுதல் நற்செயல் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயின், தேற்றுபவர் தாமே அத்துயரில் அமிழ்ந்தவராயிருந்து, தேற்றுதற்குரிய செய்தி எதனையும் அறியாதவராகவும் இருப்பின், அவர் கூறும் ஆறுதலின் பெறுமதி யாது? தன் மகன் எந்நிலையில் உள்ளான் என்பதையே அறியாத ஒரு தாய், இன்னொரு தாயைப் பார்த்து "உன் மகனுக்கு ஒன்றும் நேராது" என்று சொல்வாளாயின் அக்கூற்று உண்மையா, பொய்யா, அன்றி இவ்விரண்டினுள்ளும் அடங்காத வேறொன்றா? இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதினும் ஒரு குறித்த வாழ்க்கைச் சூழலில் வைத்து நோக்குதல் பயன்தரும் எனக் கருதுகிறேன். ஐக்கிய அமெரிக்கக் கடற்படையிற் புதிதாய்ச் சேர்ந்து அடிப்படைப் பயிற்சிக்குச் சென்றோரின் பெற்றோர், அப்பயிற்சிக் காலத்தில் ஒருவர்க்கொருவர் துணையாகும் முறைமையையே அதற்கெனத் தேர்ந்துகொண்டேன்.

தொலைதூரத்து வல்லரசொன்றின் படையிற் சேர்ந்தோருடைய பெற்றோர் பற்றி நாம் ஏன் சிந்திக்கவேண்டும் என்று கேட்கப்படலாம். அவ்வரசின் கப்பல்கள் உலகக் கடல்களில் எதன்பொருட்டு உலவுகின்றன என்பது குறித்து எனக்குத் திட்டவட்டமான அபிப்பிராயம் உண்டு. அது இக்கட்டுரைக்குப் புறம்பானது. வாயிலில் நின்று தபாற்காரனை எதிர்பார்ப்பவளின் மனநிலையை ஆராய்வதற்கு அவளுடைய அரசின் கொள்கையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்பதில்லை.

சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில், கிறேற் லேக்ஸ் என்னுமிடத்தில் 1911ஆம் ஆண்டு தொடக்கம் கடற்படைப் பயிற்சி நிலையமொன்று இயங்கி வருகின்றது. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் அங்குப் பயிற்சி பெற்றனர். ஏனைய பயிற்சி முகாம்கள் 1990களில் மூடப்பட்டதன் பின், கடற்படையிற் சாதாரண மாலுமியாகச் சேரும் எவரும் இவ்வோர் இடத்துக்கே வந்து சேரவேண்டியவராயினர். பயிற்சிக் காலம் 2022இல் பத்து வாரங்களாக நீட்டப்பட்டு, 2025இல் ஒன்பது வாரங்களாகக் குறைக்கப்பட்டது. பெற்றோரைப் பொறுத்தவரையில் வாரங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவ்வாரங்களின் மௌனமே முக்கியமானது. வந்திறங்கிய இரவில் பயிலுநர் வீட்டுக்கு ஒருமுறை தொலைபேசியிற் பேச அனுமதிக்கப்படுகிறார். அதுவும் வந்து சேர்ந்தேன் என்னும் அளவான பேச்சே. குரலைக் கேட்டு, பெயரைச் சொல்லி அழைத்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. அதன்பின் சில நாட்களில் ஒரு பெட்டி வருகிறது. வீட்டிலிருந்து உடுத்துச் சென்ற உடையும் காலணியும் அதனுள் இருக்கும். உயிரோடும் நலத்தோடும் இருக்கும் பிள்ளையின் உடைகள், ஆளின்றித் தனியே திரும்பி வருகின்றன. இவ்வழக்கத்தை ஏற்படுத்திய நிருவாகம் வசதியை மாத்திரமே கருதியிருக்கும். ஆயினும் பெற்ற மனம் அப்பெட்டியைத் திறக்கையில் எதனை நினைக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய மௌனத்தினிடையேதான் பெற்றோர் ஒருவரையொருவர் தேடிக்கொள்கின்றனர். இது புதுவதன்று. ரெக்சாஸ் மாநிலத்து மக்கலன் என்னும் ஊரில் 1930ஆம் ஆண்டிலேயே கடற்படையினரின் அன்னையர்க்கென ஒரு கழகம் தோன்றிற்று. இன்று ஒரே பயிற்சிப் பிரிவில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோர் ஒருவர்க்கொருவர் அறிமுகமாகி, கடிதத்தில் முகவரியை எவ்வாறு எழுதுவது, எவ்வெப்பொருளை அனுப்பலாகாது, எத்தனையாவது வாரத்தில் நீச்சற் சோதனை, எத்தனையாவதில் தீயணைப்புப் பயிற்சி என்றெல்லாம் பரிமாறிக்கொள்கின்றனர். சென்ற ஆண்டு இவ்வழியே சென்றவர், இவ்வாண்டு செல்பவர்க்கு வழிகாட்டுகிறார். இவ்வகை உதவியில் ஆராய்வதற்கு அதிகமில்லை. அறிந்தவர் அறியாதவர்க்குச் சொல்கிறார், அவ்வளவே. வினா எழுவது, இத்தகவல்கள் தீர்ந்துபோன பின்னர் நிகழும் உரையாடலிலேயாம். மூன்று வாரமாகக் கடிதமில்லை என்கிறாள் ஒருத்தி. ஒன்றும் வரவில்லையெனில் ஒன்றும் நேரவில்லை என்பதே பொருள் என்கிறாள் மற்றவள். இம்மற்றவளுக்கும் மூன்று வாரமாகக் கடிதமில்லை.

ஸ்ரோயிக் மெய்யியலாளரான எபிக்ரீற்றஸ் இதையொத்த நிலைமையொன்றைக் கருதிப்பார்த்திருக்கிறார் என்பது வியப்புக்குரியது. மகன் பிறநாடு சென்றமை பற்றி அழும் ஒருவனை நீ கண்டால், அவனை வருத்துவது நிகழ்ச்சியன்று, நிகழ்ச்சி பற்றிய அவனது எண்ணமே என்பதை முதலில் உணர்ந்துகொள். பின் வார்த்தையளவில் அவனுக்கு இரங்கு, வேண்டுமாயின் அவனுடன் சேர்ந்து அரற்றவுஞ் செய், ஆனால் உள்ளத்துள் அரற்றாதே. அவரது அறிவுரை இவ்வாறு அமைகிறது. அறிவாளியின் ஆறுதல் இது. கரையில் நின்றபடி நீரில் தத்தளிப்பவனுக்குக் கழியை நீட்டுவது போன்றது. இதனை நான் இகழவில்லை. கரையில் ஒருவன் நிற்பது நல்லதே. எனினும் நாம் எடுத்துக்கொண்ட பெற்றோர்க்குக் கரை என்பதே இல்லை. உள்ளத்துள் அரற்றாதவராய் அவருள் எவருமிலர். எபிக்ரீற்றஸின் அளவுகோலால் நோக்கின் இவர்கள் ஒருவரையொருவர் தேற்றுதற்குத் தகுதியற்றவரே ஆவர்.

அரிஸ்ரோட்டில் இன்னும் ஒருபடி மேற்சென்று, ஆண்மையுள்ளோர் தம் துன்பத்தை நண்பர்க்குப் பகிர்ந்து அவரையும் வருத்துவதற்குத் தயங்குவர் என்றும், உடன் அழுவாரை விரும்புவோர் பெண்களும் பெண்தன்மை வாய்ந்தோருமே என்றும் தமது ஒழுக்கவியல் நூலிற் கூறுகிறார். தாயரின் சந்திப்புகளை விலகிநின்று நகைக்கும் தந்தையர் சிலரைக் காணும்போதெல்லாம் இக்கருத்து இருபத்துமூன்று நூற்றாண்டுகளாக அழியாதிருப்பதை உணரலாம். அத்தந்தையரே நள்ளிரவில் எழுந்து, இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியைப் பார்ப்பர் என்பது வேறு விடயம்.

இவ்விருவரினும் அடம் சிமித் நமக்கு அணுக்கமானவர். பொருளியலாளராகவே நம்மில் பலர் அறிந்த சிமித், 1759இல் வெளியிட்ட ஒழுக்க உணர்ச்சிகள் பற்றிய நூலில், நோயுற்ற குழந்தையின் முனகலைக் கேட்கும் தாயை உதாரணமாகக் காட்டுகிறார். குழந்தை உணர்வது அக்கணத்து உபாதையை மாத்திரமே. தாயோ அதன் நிராதரவையும் இனி விளையக்கூடியவற்றையும் தன் கற்பனையாற் சேர்த்துக்கொண்டு, குழந்தைக்கு இல்லாத துயரத்தையும் தான் அனுபவிக்கிறாள். கிறேற் லேக்ஸில் நிகழ்வதும் இதுவே. பயிலுநருக்குக் கவலைப்பட நேரமில்லை. விடியுமுன் எழுந்து, அணிநடை பயின்று, உடை மடித்து, கயிறு முடிந்து, அடுத்த கட்டளைக்குள் முந்திய கட்டளையை மறந்துவிடுகிறார். வீட்டிலிருப்பவர்க்கோ செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே அவர் கற்பனை செய்கிறார்.

அந்நூலிலேயே சிமித் இன்னொன்றையும் கூறுகிறார். துயருற்றவன் நண்பன் முன்னிலையில் சற்று அமைதியடைகிறான். அறிமுகமானவன் முன்னிலையில் அதனிலும் அமைதியடைகிறான். அந்நியர் முன்னிலையில் மேலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறான். பிறர் இரக்கத்தை எவ்வளவு குறைவாக எதிர்பார்க்கிறோமோ அவ்வளவுக்கு நம்மை நாமே அடக்கிக்கொள்கிறோம் என்பது இதன் காரணம். இது நுட்பமான அவதானம். ஆயினும் இவ்வரிசையில் ஒருவகையினர் விடுபட்டுவிட்டனர் என்பது எனது எண்ணம். முன்பின் அறியாத அந்நியராயிருந்து, அதே துயரத்தின் அதே நாளில் நிற்பவரை எவ்வகையிற் சேர்ப்பது? ஒரு பாடசாலை ஆசிரியையும் ஒரு பாரவண்டிச் சாரதியும் தம் பிள்ளைகள் ஒரே பிரிவிற் சேர்ந்திராவிடின் ஒருபோதும் பேசியிரார். அவர் தம்முட் பேசும்போது, உடன்பிறந்தாளிடம் சொல்லாததைச் சொல்கின்றனர். உடன்பிறந்தாள் இரங்குவாள், ஆனால் ஏன் அனுப்பினாய் என்றுங் கேட்பாள். இந்த அந்நியர் அதைக் கேட்பதில்லை. கேட்டால் அவ்வினா தம்மீதே திரும்பும் என்பதை அவர் அறிவர்.

'ஏன் அனுப்பினாய்' என்பது இலேசான வினாவன்று. அமெரிக்காவிற் கட்டாய ஆட்சேர்ப்பு 1973இல் முடிவுற்றது. அதன் பின் சேர்ந்தோர் யாவரும் தாமே விரும்பிச் சேர்ந்தோர். பதினெட்டு வயது நிரம்பியவர்க்குப் பெற்றோர் சம்மதம் தேவையில்லை. பதினேழு வயதினர்க்கோ பெற்றோர் கையொப்பம் வேண்டும். ஆகவே ஒரே கூட்டத்தில், பிள்ளை முடிவுசெய்துவிட்டுச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவரும் இருப்பர், பேனாவை எடுத்துக் கையொப்பமிட்டவரும் இருப்பர். இன்னும் நுணுகிப் பார்த்தால், கல்லூரிக் கட்டணம் செலுத்த வழியில்லாமையைப் பிள்ளைக்கு மறைக்காதிருந்தவர் கையொப்பமிடாமலே ஒருவகையிற் சம்மதித்தவர்தாம். இவர்கள் தேடுவது ஆறுதலை மட்டுமன்று, ஒருவகை மன்னிப்பையுமாம். அதனை வழங்கும் அதிகாரம் தமக்கில்லை என்று தெரிந்தும் ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொள்கின்றனர்.

இனி, 'ஒன்றும் நேராது' என்னுங் கூற்றுக்கு வருவோம். அது மெய்ம்மை பற்றிய எடுப்பாயின் கூறுபவரிடம் ஆதாரமில்லை. ஆதாரமின்றிக் கூறுதல் பொய்க்கு அயலானது. ஆனால், அக்கூற்றைக் கேட்பவள் அதனை ஒரு தகவலாக ஏற்றுக்கொள்வதில்லை. சொல்பவளுக்கு எதுவுந் தெரியாது என்பதைக் கேட்பவள் நன்கு அறிவாள். அறிந்தும் அவள் ஆறுதலடைகிறாளாயின், அச்சொற்கள் பிள்ளையைப் பற்றியனவல்ல, சொல்பவளைப் பற்றியனவே எனல் வேண்டும். நீ காத்திருக்கும் வரை நானும் காத்திருப்பேன் என்பதே அவற்றின் உட்பொருள். வாக்குறுதிக்கு மெய் பொய் என்னும் அளவை பொருந்தாது. அது காப்பாற்றப்படுகிறதா, கைவிடப்படுகிறதா என்பதே அதற்குரிய அளவை.

இவ்விளக்கம் எனக்குத் திருப்தியளித்தது. சில நாட்கள்தாம் அத்திருப்தி நீடித்தது. 2019ஆம் ஆண்டு பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கிறேற் லேக்ஸில் இரு இளம் பெண் பயிலுநர்கள் உடற்றகுதிச் சோதனையை அடுத்து உயிரிழந்தனர் என்பதை வாசித்தபோது, 'ஒன்றும் நேராது' என்னும் வாக்கியம் நான் கருதியவாறு அத்துணைப் பழுதற்றதன்று என உணர்ந்தேன். பேரெண்ணிக்கையினர் நலமே திரும்புகின்றனர் என்பது உண்மை. எனினும் எல்லோரும் ஒருவர்க்கொருவர் ஒன்றும் நேராது என்று சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டத்திலே, ஒருத்தி எழுந்து, என் மகள் கடைசிக் கடிதத்தில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுதியிருக்கிறாள், யாரிடம் கேட்பது என்று வினவினால் அவளுக்கு என்ன மறுமொழி கிடைக்கும்? எல்லாரும் அப்படித்தான் எழுதுவர், நீ கலங்கினால் பிள்ளையும் கலங்கும், கடிதத்தில் மகிழ்ச்சியானவற்றையே எழுது என்னும் மறுமொழியும் கிடைக்கக்கூடும். அங்கே ஆறுதல் வாய்ப்பூட்டாக மாறுகிறது. எவரும் கட்டளையிடாமல், எந்த அதிகாரியும் அறியாமல், பெற்றோர் தாமே தம்முள் ஒழுங்கைக் காத்து நிறுவனத்தின் மௌனத்துக்குக் காவலாகிவிடுகின்றனர். வாக்குறுதி என்று நான் வருணித்தது உண்மையாயின், அவ்விடத்தில் அதனை நிறைவேற்றும் வழி, அவளோடு சேர்ந்து யாரிடம் கேட்பது என்று தேடுவதே. கேள்வியை அடக்கும் தேற்றுமொழி அவ்வாக்குறுதியைக் கைவிடுதலாகும்.

மற்றொரு சோதனையும் உண்டு. அது மரணத்தைப்போலப் பெரிதன்று. ஆயின் அடிக்கடி நிகழ்வது. சோதனையிற் சித்தியெய்தாதவரும் நோய்வாய்ப்பட்டவரும் பின்னர் தொடங்கிய வேறொரு பிரிவுக்கு மாற்றப்படுவர். சிலர் வீட்டுக்கே அனுப்பப்படுவர். பயிற்சியின் இறுதியில், போர்க்கப்பலைப்போல அமைக்கப்பட்ட மாதிரிக் கப்பலொன்றில் ஓரிரவு முழுதும் நடைபெறும் சோதனையை முடித்தோர், 'பயிலுநர்' என்றெழுதிய தொப்பியைக் களைந்து 'கடற்படை' என்றெழுதிய தொப்பியை அணிகின்றனர். அன்று வீடுகளில் தொலைபேசி ஒலிக்கிறது. ஒரு வீட்டில் ஒலிப்பதில்லை. ஏழெட்டு வாரமாக ஒரே நாளை எண்ணியிருந்தோரிடையே அவ்வொருத்தியின் நாள் மட்டும் தள்ளிப்போயிற்று. மற்றையோர் விமானப் பயணச்சீட்டு, தங்குமிடம், அணிவகுப்புக்கு உடுக்கும் உடை என்று பேசுகையில் அவள் என்ன பேசுவாள்? அவளுக்கு ஆறுதல் சொல்வோரின் குரலில், தமக்கு நேரவில்லையே என்னும் நிம்மதி கலந்திருப்பதை அவள் கேளாதிருப்பாளா? ஒத்த துயரத்தில் முளைத்த உறவு, துயரம் ஒவ்வாதபோது நிலைக்குமா என்பதே இங்கு எழும் வினா. நிலைக்கவில்லையெனில், அது உறவன்று, ஒரே தரிப்பிடத்தில் பேருந்துக்கு நின்றோரின் பேச்சே.

அமெரிக்க மரபில் இப்பிரிவு கொடியிலேயே தைக்கப்பட்டுள்ளது. 1917இல், இரு மைந்தரைப் போர்முனைக்கு அனுப்பிய தந்தையொருவர் வகுத்த கொடியில் படைசென்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீல நட்சத்திரம். பிள்ளை இறந்துபடின் நீலத்தின்மேற் பொன் நட்சத்திரம் வைத்துத் தைக்கப்படும். நீலம் விளிம்பாக மாத்திரம் எஞ்சும். அன்னையர் கழகங்களும் அவ்வாறே இரண்டாயின. பொன் நட்சத்திர அன்னையர் 1928இலும் நீல நட்சத்திர அன்னையர் 1942இலும் தத்தமக்கென அமைப்புகளை நிறுவினர். ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்ல ஒரு தந்தி போதும். முன்னதனைத் தோற்றுவித்த கிறேஸ் சீபோல்ட் என்பவரின் மகன் விமானியாய்ப் பிரான்சிற்குச் சென்று 1918இல் மாண்டவன். கடிதங்கள் நின்றுபோக, செய்தியும் வாராதிருந்த காலத்தில், காயமுற்றுத் திரும்பியோருள் தன் மகனும் இருக்கலாம் என்றெண்ணி அவர் வாஷிங்ரன் மருத்துவமனைகளுக்குச் சென்று கட்டில் கட்டிலாகப் பார்த்தார். மகன் இறந்தது உறுதியான பின்னரும் அங்குச் செல்வதை அவர் நிறுத்தவில்லை. தன் மகனைத் தேடிப்போன வழக்கம் பிறர் மக்களைக் காணும் வழக்கமாயிற்று. ஒவ்வாத துயரத்திலும் உறவு நிலைத்தல் கூடும் என்பதற்கு இதனினும் வலுவான சான்றை நான் அறியேன். எனினும் இது அருமையாக நிகழ்வது. அருமையானதை விதியெனக் கொள்ளலாகாது.

நமது புறநானூற்றில் காவற்பெண்டு பாடியதாக ஒரு பாட்டுண்டு. உன் மகன் எங்கே என்று வீட்டுத் தூணைப் பற்றிநின்று ஒருவர் வினவ, எங்குளன் என்று தானறியாள் எனத் தாய் மறுமொழி கூறுகிறாள். புலி கிடந்து போன குகையென அவள் தன் வயிற்றைக் காட்டுவதையே உரையாசிரியர் முதல் மேடைப் பேச்சாளர் வரை வியந்துள்ளனர். அவள் 'அறியேன்' என்று சொன்னதை வியந்தார் சிலரே. அதனினும் குறைவாகவே, தூணைப் பற்றிநின்று வினவியவர் நினைக்கப்படுகிறார். அவர் யாரென்று பாட்டுச் சொல்லவில்லை. அவரும் மகனை அனுப்பியவராயின், அவ்வினாவில் ஆவல் மாத்திரமன்றி வேறொன்றும் இருந்திருக்கும். வீரத்தாய் என்னும் உருவம் தனித்து நிற்பதாகவே நாம் பழகிவிட்டோம். அவள் வீட்டுக்கு வந்து கேட்கவும் ஒருவர் இருந்தார் என்பது பாட்டிலேயே உளது.

கிறேற் லேக்ஸில் 1942இல் பயிற்சி பெற்றோருள் அயோவா மாநிலத்து வாட்டர்லூ என்னும் ஊரைச் சேர்ந்த சலிவன் சகோதரர் ஐவரும் அடங்குவர். ஐவரும் ஜூனோ என்னும் ஒரே கப்பலிற் பணியாற்றி, அவ்வாண்டு நவம்பர் 13ஆந் திகதி குவாடல்கனால் அருகே அக்கப்பல் மூழ்கியதன் விளைவாக ஐவருமே உயிரிழந்தனர். எதிரிக்குத் தெரியலாகாது என்று செய்தி இரண்டு மாதங்களாக வெளியிடப்படவில்லை. அந்த மௌனத்தின்போது, அதே ஊரிலிருந்த வேறொரு தாய்க்குக் கடற்படையிலிருந்த தன் மகனிடமிருந்து கடிதம் வந்தது. ஐவரும் மாண்டனர் எனத் தான் கேள்விப்பட்டதாக அவன் எழுதியிருந்தான். அத்தாய் அதனைக் கொண்டுபோய் அலீற்றா சலிவனிடம் சொன்னாள்.

அவள் செய்தது சரியா? ஐவரின் மரணத்தை வதந்தியாகக் கேட்பதினும் கொடியது யாதுளது என்று ஒருவர் கேட்கலாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் நேர்ந்திராது என்று வழக்கம்போற் சொல்லியிருக்கலாம். அல்லது அவ்வீட்டுப் பக்கமே போகாதிருக்கலாம். பெரும்பாலோர் இம்மூன்றாவதையே செய்வர், நானும் அதையே செய்திருப்பேன் என அஞ்சுகிறேன். அவள் போனாள். தன் மகன் உயிருடன் எழுதிய கடிதத்துடன், ஐந்து மக்களின் நலம் அறியாதிருந்தவளின் வாயிலுக்குப் போனாள். அதன் பின்னரே அலீற்றா 1943 சனவரியிற் கடற்படைக்குக் கடிதமெழுதி, உண்மையை அறியத்தருமாறு கேட்டார். கப்பலொன்றை நீரில் இறக்கும் விழாவுக்குத் தாம் அழைக்கப்பட்டிருப்பதைக் குறிப்பிட்டு, மக்களுக்கு எது நேர்ந்திருப்பினும் தாம் வருவதாகவும் எழுதியிருந்தார். அம்மாதம் 12ஆந் திகதி காலை மூன்று கடற்படையினர் அவ்வீட்டுக்கு வந்தனர். அடுத்த மாதம் அவர் சொன்னபடியே சென்று அக்கப்பலை நீரில் இறக்கிவைத்தார்.

தம்மிடம் செய்தி கொண்டுவந்தவளை அக்கடிதத்திலே அவர் குறை கூறவில்லை. இங்குள்ள ஒரு தாய் என்று மாத்திரம் குறித்திருக்கிறார், பெயர் இல்லை.